கக்கூஸ் குழியில் கிடைத்த ராசா கல்

என் அக்கா உயர்தர வகுப்பில் வரலாறு எடுத்த வருடத்தில் எங்கள் வீட்டில் யாராலும் ஒரு வாக்கியத்தை நிம்மதியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. இன்றைக்குப் பிடித்த மீன் என்று மீன்காரர் சொன்னதாக அம்மா சொன்னால், மீன்காரர் வேறு என்னத்தைச் சொல்லுவார் என்று கேட்பாள். மழை வரப்போகுதாம் என்று அப்பா முற்றத்தில் நின்று சொன்னால், அந்த ‘ஆம்’ யாருடைய ‘ஆம்’ என்று கேட்பாள். ஆற்றில் பஸ் நீளத்துக்கு ஒரு முதலை மிதந்ததாகப் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு நான் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னபோது, பஸ்ஸை ஆற்றுக்குள் இறக்கிப் பக்கத்தில் நிறுத்தியா பார்த்தார்கள் என்று கேட்டாள். அதன் பிறகு அந்த முதலையை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

அவளுடைய வரலாற்று ஆசிரியை வருடம் முழுவதும் மூன்று கேள்விகளை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யார் சொன்னது, அவர் கண்டவரா, அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம். அக்கா இவற்றைச் சோறு போடும்போதும் கேட்டாள், எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போதும் கேட்டாள். வர்த்தகம் எடுத்திருந்தால் வங்கியில் ஒரு வேலையாவது கிடைக்கும், செத்துப்போன ராசாமாரைப் படித்து உயிரோடு இருக்கிறவர்களைச் சாகடிக்கிறாள் என்று அம்மா அலுத்துக்கொள்வார். எனக்கு அப்போது பத்து வயது. இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க முழுக்க அம்மாவின் கட்சி.

நாங்கள் பழுகாமத்தில் இருந்தோம். வளவின் பின்பக்கத்தில் இருந்த எங்கள் கக்கூஸ் மாரி மழை வந்தால் நிரம்பிவிடும். அந்த வருடம் அதன் சுவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு புதுக் குழி வெட்டிவிடுவது என்று அப்பா முடிவெடுத்தார். உதவிக்கு வருகிறேன் என்று கல்லடியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி அவர். கல்லடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். அவர் மண்வெட்டி பிடித்ததை யாரும் கண்டதில்லை. உதவி என்றால் குழியின் விளிம்பில் நின்று கதை சொல்வது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தம்பி வந்திருக்கிறான் என்று இறால் வாங்கிக் குழம்பு வைத்தார்.

அப்பா இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தபோது அலவாங்கின் இரும்பு முனை எதிலோ பட்டு ணங் என்றது. இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்தார். நெம்பினார். மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு நீளக் கல் அசைந்து கொடுத்தது. அதை மேலே தூக்கிப் போடுவதற்குள் அப்பாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. அவருக்கு அது ஒரு கல், அவ்வளவுதான். ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கவே திரும்பினார். ஆனால் மாமா ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டார். ஒரு முகம் வழுவழுப்பாக இருந்தது. மற்ற முகத்தில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. மாமா தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார்.

“அத்தான், இது சும்மா கல் இல்ல. எழுத்துக் கிடக்கு. ராசாட கல்.”

குசினிக்குள் இருந்த அக்கா வெளியே வந்தாள். எந்த ராசா என்று கேட்டாள். மட்டக்களப்பை ஆண்ட ராசா என்றார் மாமா. அவர் ஏன் எங்கள் வளவுக்குக் கல்லைக் கொண்டுவந்தார் என்று கேட்டாள். அரண்மனை இருந்திருக்கும் என்றார் மாமா. எங்கள் கோழிக்கூட்டுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் ஓர் அரண்மனை எழும்பி நின்றதை நான் அந்தக் கணத்திலேயே கண்டேன். அக்கா மட்டும், இருந்திருக்கும் என்றால் இருந்தது என்று அர்த்தம் இல்லை என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று பின்னேரமே வளவு நிறைந்துவிட்டது. கல்லில் சூலம் தெரிகிறது என்றார் ஒருவர். அது மீன் என்றார் இன்னொருவர். யாரோ செவ்வரத்தம் பூ வைத்தார்கள், யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற வண்ணக்கரும் வந்து பார்த்தார். எழுத்துள்ள கல் வந்த இடத்தில் கக்கூஸ் வைப்பது நல்லதில்லை என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். தலையாட்டிவிட்டார். பழைய குழி நிரம்பிவிட்டது, புதுக் குழி புனிதமாகிவிட்டது. அடுத்த நாள் காலையிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு வாளியும் கையுமாகப் பக்கத்து வளவுக்கு வரிசையில் போனோம். ராசா வந்து எங்களுக்குச் செய்த முதல் உபகாரம் இதுதான் என்று அம்மா பொருமினார். மாமா மட்டும் கவலைப்படவில்லை. நாலு பேர் மதிக்கிற குடும்பமாகிவிட்டோம், கக்கூஸ் இப்போது பெரிய விஷயமா என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். டீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டுக் கல்லைப் பற்றிச் சொல்லச் சொன்னார். இடைவேளைக்குள் அரண்மனைக்கு யானைக் கொட்டிலும் வந்துவிட்டது. அதுவரை என்னைச் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் இருபக்கமும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் அக்காவிடம் ஒப்புவித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யானைக் கொட்டில் யார் சொன்னது என்றாள். நான்தான் என்றேன். நீ கண்டாயா என்றாள். இப்படி ஓர் அக்காவை வைத்துக்கொண்டு யார்தான் புகழோடு வாழ முடியும்.

அவள் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தேய்ப்பதற்குத் தும்புக்கட்டையோடு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூக்களை ஒரு பக்கமாக எடுத்துவைத்துவிட்டு இடுக்குகளைக் கழுவினாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சில கோடுகள் உள்ளேயும் வெளியேயும் ஒரே மங்கலாக இருந்தன. சில கோடுகளின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெள்ளையாக இருப்பவை அப்பாவின் அலவாங்கு பட்ட காயங்கள் என்றாள். மாமா முதல் நாளிலிருந்து ‘ரா’ என்று வந்தவர்களுக்கெல்லாம் விரல் வைத்து வாசித்துக் காட்டிய எழுத்து அதில் ஒன்று.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. கல் வெளியே வந்தபோது எந்த முகம் கீழே இருந்தது என்று அவள் அடுத்ததாகக் கேட்டாள். அதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மாமா எரிந்து விழுந்தார். அப்பாதான் கொஞ்சம் யோசித்து, கோடு போட்ட முகம் கீழே கிடந்தது என்றார்.

“எழுத்தக் கீழ வெச்சு ஆர் கல் நாட்டுவாங்க, மாமா?”

“படிச்ச உனக்குத் தெரியாதது படிக்காத எனக்குத் தெரிஞ்சிட்டு எண்டு உனக்கு எரிச்சல்,” என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார். போன வேகத்தில் தன் கைத்தொலைபேசியை எடுத்துவந்து கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கால் மடித்து உட்கார்ந்து படம் எடுக்கச் சொன்னார். எடுத்தது நான். ‘எமது மண்ணில் மன்னர் காலக் கல்வெட்டு’ என்று தலைப்புப் போட்டு அதை முகநூலில் ஏற்றினார். கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் பாராட்டினார்கள். மாமா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார், முக்கியமாக அக்கா பக்கத்தில் இருக்கும்போது.

சில நாள் கழித்துக் கிராம சேவையாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். படத்தை மேலே இருக்கிறவர்கள் கண்டுவிட்டார்களாம். பழைய சின்னங்களைப் பார்க்கிற அதிகாரிகள் புதன்கிழமை வருகிறார்களாம், கல்லை அசைக்கக் கூடாதாம். சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். இனிப் பத்திரிகையில் வரும் என்று நான் முற்றத்தில் குதித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மைம்மல் இருட்டுக்குப் பிறகு அப்பாவின் தெரிந்தவர்கள் சிலர் வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். கதை முழுவதும் மெதுவான குரலில் நடந்தது. ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு பழைய கல் வந்ததாம். பார்க்க வந்தார்கள், அளந்தார்கள், பலகை நட்டார்கள். அதன் பிறகு அந்த எல்லைக்குள் மண்வெட்டி வைக்க முடியாதாம், விதைக்க முடியாதாம். வீட்டுக்கு ஒரு சுவர் எழுப்பக்கூட யாரையோ கேட்கவேண்டுமாம்.

அக்கா குசினி வாசலில் நின்றாள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா கண்ணால் தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

“இது ஆர் சொன்ன?”

கடைசிக் கதிரையில் இருந்த மனிதர் திரும்பினார். வேறு ஊரிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வட்டையில் குத்தகைக்கு வயல் செய்கிறவர்.

“நான்தான் சொல்றன். கண்டதும் நான்தான். என்ட காணி, புள்ள.”

அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. உள்ளே போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் தோற்றுப்போனதைக் கண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விடிந்ததும் எங்கள் வீட்டில் வரலாறு மாறிவிட்டது. மாமா முகநூலிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். அது உடுப்புத் துவைக்கிற கல் என்றார். அம்மாவுக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. தான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் கிணற்றடியில் அந்தக் கல்தான் கிடந்தது, தன் தாய் அதில்தான் உடுப்பு அடித்தார் என்று கண்ணால் கண்டதுபோலச் சொன்னார். ஒரு கிழமையாகக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தபோது வராத ஞாபகம். நான் அழுதேன். பள்ளிக்கூடத்தில் இப்போது என்ன சொல்வது என்று கேட்டேன். துவைக்கிற கல் என்று சொல்லு என்றார் மாமா. யானைக் கொட்டிலை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று மாமா யோசனை சொன்னார். படம் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டது, இப்போது கல் காணாமல் போனால்தான் சந்தேகம் கூடும் என்றாள் அக்கா. அதை அப்பா ஏற்றுக்கொண்டார். அப்படியானால் வருகிறவர்களிடம் நீயே பேசு, படித்தவள் நீதான், துவைக்கிற கல் என்று அடித்துச் சொல்லிவிடு என்றார் அம்மா. அங்கேதான் வந்தது வினை. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றாள் அக்கா. ராசா கல் என்று சொன்னதும் நீங்கள்தான், துவைக்கிற கல் என்று சொல்வதும் நீங்கள்தான், இரண்டுக்கும் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டார். “காணி போகப்போகுது, இவள் இஞ்ச சோதினை எழுதிறாள்கா,” என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னார். வளவு அம்மாவின் சீதனம், அக்காவுக்குப் போகவேண்டியது. தன் காணியைத் தானே தொலைக்கப் பார்க்கிற பிள்ளையை உலகத்தில் யாராவது கண்டதுண்டா என்று மாமா கேட்டார்.

அப்பா எல்லோரையும் கையமர்த்திவிட்டு அக்காவிடம் கேட்டார். “அப்ப நீ என்னத்தச் சொல்லுவாய்?”

“தெரிஞ்சதச் சொல்லுவன்.”

“என்ன தெரியும்?”

“இன்னும் ஒண்டும் தெரியா, அப்பா.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அக்கா பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு கக்கூஸ் குழிக்குள் இறங்கினாள். கையில் ஒரு சோற்றுக் கரண்டி. மேலே நின்று மண்ணை வாங்கிக் கொட்டும் வேலை எனக்கு. ஊர்ப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. குழியின் சுவரைக் கரண்டியால் மெல்ல மெல்லச் சீவி, ஒரு மூலையில் அடியையும் தோண்டிக்கொண்டே போனாள்.

சீவிய இடத்தில் இரண்டு நிறம் தெரிந்தது. மேலே சரளைக் கல் கலந்த சிவப்பு மண், கீழே எங்கள் ஊரின் கறுப்புக் களி. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. கல் கிடந்த பள்ளம் சிவப்பு மண்ணுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கோட்டைத் தொடவேயில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டு, இந்தச் சிவப்பு மண் எங்கள் வளவுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள்.

அப்பா குழியின் விளிம்பில் குந்திச் சுவரைப் பார்த்தார். அவருக்கு மறந்தே போயிருந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்தபோது வீடு இல்லை, வளவு பள்ளமாகக் கிடந்தது. மாரித் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. வீடு கட்டுவதற்கு முதல் உழவு மெசினில் மண் ஏற்றி வந்து வளவை நிரப்பினார்கள். எங்கிருந்து ஏற்றினீர்கள் என்று அக்கா விடவில்லை. ஆற்றுக்கு அங்காலே, குளக்கட்டைத் தாண்டி, தன் கூட்டாளி ஒருவரின் மேட்டுக் காணியில் இருந்து என்றார் அப்பா. அந்தக் கூட்டாளியின் பெயரையும் சொன்னார். எந்த ஒழுங்கையால் மெசின் வந்தது, காணியின் எந்த மூலையில் வெட்டினார்கள் என்று அத்தனையையும் அவள் கேட்டாள். அப்பா அத்தனையையும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆகும்போது கல் கிடந்த பள்ளத்தின் அடியில் ஏதோ நீலமாகத் தட்டுப்பட்டது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கினாள். ஒரு ரப்பர் செருப்பு. வார் அறுந்து, பாரம் ஏறி நசுங்கி, கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ராசாவின் கல்லுக்குக் கீழே ஒரு நீல ரப்பர் செருப்பு. எனக்கு அவளை அப்படியே மண்போட்டு மூடிவிடலாம்போல இருந்தது.

புதன்கிழமை ஒரு பிக்கப் வந்தது. இரண்டு அதிகாரிகளும் ஒரு சாரதியும் இறங்கினார்கள். மூத்தவர் சிங்களத்தில் பேசினார், இளையவர் அதைத் தமிழில் சொன்னார். நான் நினைத்திருந்ததுபோல அவர்கள் அதட்டவில்லை. மூத்தவர் களைத்துப்போயிருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கல்லைச் சுற்றிவந்து நிதானமாகப் பார்த்தார், விரலால் கோடுகளைத் தடவினார். மாமா முந்திக்கொண்டு, அது துவைக்கிற கல் ஐயா என்றார். மூத்தவர் தன் கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கால் மடித்து மாமா உட்கார்ந்திருந்தார். மாமா அதற்குப் பிறகு எலுமிச்சை மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அக்கா அவர்களைக் குழியடிக்குக் கூட்டிப்போனாள். முதலில் அலவாங்குக் காயங்கள் எவை என்று சொன்னாள். பிறகு சுவரில் இருந்த இரண்டு நிறங்களைக் காட்டினாள், மண் கொட்டி நிரப்பிய கதையைச் சொன்னாள், பள்ளத்தின் அடியில் கிடந்த செருப்பைக் காட்டினாள். இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. செருப்பைப் பிறகு யாரும் உள்ளே திணித்திருக்கலாமே என்று கேட்டார். திணித்திருந்தால் சுவர் மண் கலைந்திருக்கும், செருப்பும் கல்லுக்கு ஏற்ப வளைந்திருக்காது என்றாள். அவர் சேற்றைப் பாராமல் குழிக்குள் இறங்கினார். தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். அம்மாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் இரத்தம் ஓடியது.

அப்போது அவர் ஒன்று கேட்டார். இளையவர் அதைத் தமிழில் சொன்னார். கல் இங்கே நிற்கவில்லை என்பது சரி, ஆனால் கல் பழசாக இருக்கலாம் அல்லவா.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஓம், இருக்கலாம்,” என்றாள் அக்கா. “வெள்ளையா இல்லாத கோடுகள் என்னெண்டு எனக்குத் தெரியா.”

எலுமிச்சை மரத்தடியில் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கிழமையாக இந்த வீட்டைப் பாடாய்ப் படுத்தி, கக்கூஸ் குழியில் புரண்டு, கடைசியில் வந்தவர் கேட்டதும் ஆமாம் போடுகிறாளே என்று எனக்கே ஆத்திரம் வந்தது. மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னாள். பிறகு இளையவரிடம் ஏதோ சொன்னார். கல்லை மட்டும் கொண்டுபோகிறோம், இந்தக் காணியில் பார்க்க ஒன்றும் இல்லை, நீங்கள் உங்கள் வேலையைச் செய்யலாம் என்றார் இளையவர். இத்தனைக்கும் மூத்தவர் அதுவரை அவள் சொன்னதைச் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் திடீரென்று எல்லாவற்றையும் நம்பினார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது.

சாரதியும் மாமாவுமாகக் கல்லைத் தூக்கிப் பிக்கப்பில் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மூத்தவர் திரும்பி அப்பாவிடம் இன்னொன்று கேட்டார். இந்த முறை அவரே தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

“ஐயா, அந்த மண், எங்க இருந்து வந்தது?”

அப்பா வானத்தைப் பார்த்தார். கனகாலமாச்சு என்றார். மெசின்காரர்தான் கொண்டுவந்து கொட்டினார், எங்கே ஏற்றினாரோ, ஞாபகம் இல்லை என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. குளக்கட்டு, ஒழுங்கை, கூட்டாளியின் பெயர், மேட்டின் எந்த மூலை, எல்லாம் இருந்தது. யார் சொன்னது என்றும் தெரியும், சொன்னவர் கண்டவர் என்றும் தெரியும். அக்கா ஒரு வருடமாக என்னிடம் கேட்டு நான் சொல்லமுடியாமல் நின்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரே ஒரு கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருந்தது. நான் ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தேன்.

அக்கா என் புயத்துச் சதையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளித் திருகினாள். நான் வீரிட்டேன்.

மூத்தவர் குனிந்து என்னவென்று கேட்டார். எறும்பு கடித்திருக்கும் என்றாள் அக்கா. அவள் கை என் தோளைச் சுற்றி இறுக்கமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்பாவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கல் என்னவானது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புதுக் குழியை அப்பா மற்ற நாளே வெட்டி முடித்தார். அப்பாவின் கூட்டாளி அந்த மேட்டில் ஒவ்வொரு வருடமும் சோளம் போட்டார். பிறகு அதில் ஒரு பாதியை மகளுக்குக் கொடுத்து வீடும் கட்டிக்கொடுத்தார். இப்போதும் அந்தப் பக்கம் போனால் வேலிக்கு மேலால் பிள்ளைகளின் உடுப்புக் காய்வது தெரியும்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். பிக்கப் தெரு முனையில் திரும்பியதும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சிவந்து தடித்திருந்த புயத்தைக் காட்டினேன். அக்காவுக்கு இன்றைக்கு நல்ல அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா தடவிவிட்டார், எண்ணெய் போட்டார், ஆனால் அக்காவை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அப்பா அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. அதிகாரி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை, பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.